படலைக்கு வரும் அரசாங்கம்: சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையை அறிந்துகொள்ளல்

2024 நவம்பர் இறுதியில் பெய்த கடும் மழையில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வயல்களும் வீதிகளும் ஒன்றாகக் கிடந்தன. வெள்ளம் வடிந்த கையோடு, டிசம்பர் மாதத்தில், காய்ச்சலோடும் மூச்சுத்திணறலோடும் வைத்தியசாலைக்கு வந்தவர்கள் அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். கரவெட்டி, பருத்தித்துறை, மருதங்கேணி என்று வடமராட்சிப் பக்கத்து ஊர்களின் பெயர்களே திரும்பத் திரும்ப அடிபட்டன. என்ன காய்ச்சல் என்று தெரியாத பதற்றம் சில நாட்கள் நீடித்தது. இரத்த மாதிரிகள் சோதிக்கப்பட்ட பின்னர் அது எலிக்காய்ச்சல் என்பது தெரியவந்தது.

எலியினதும் கால்நடைகளினதும் சிறுநீரோடு வெளியேறும் பற்றீரியா தேங்கிய நீரிலும் சேற்றிலும் உயிரோடிருக்கும். காலில் உள்ள சிறு காயம் போதும், அது உடலுக்குள் புகுந்துவிடும். காலபோகம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. வயலில் இறங்காமல் இருக்க யாராலும் முடியாது. ஆகவே ஆபத்தில் இருப்பவர்களைத் தேடிப்போய் முற்காப்பு மாத்திரையான டொக்சிசைக்கிளினைக் கொடுக்க வேண்டியிருந்தது. காய்ச்சல் வந்தவுடன் வைத்தியசாலைக்குப் போங்கள், பரசிற்றமோலோடு வீட்டில் இருக்காதீர்கள் என்று ஊருக்கு ஊர் சொல்ல வேண்டியிருந்தது. இந்த வேலையைச் செய்வதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. அதன் பெயர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை.

செய்தி சேகரிக்கப் போகும் இடங்களில் இந்தப் பணிமனையைப் பற்றிக் கேட்டால், எனக்குப் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் கிடைக்கும். ஒன்று, பிள்ளை நிறுக்கிற இடம். மற்றது, கடைக்குச் சீல் வைக்கிற ஆட்கள். இரண்டும் உண்மைதான். ஆனால், நாங்கள் குடிக்கும் தண்ணீர், வாங்கும் சோற்றுப்பார்சல், பிள்ளையின் தடுப்பூசி, வளவில் தேங்கும் மழைநீர் எல்லாவற்றோடும் சட்டப்படி தொடர்புள்ள ஓர் அலுவலகத்தை இவ்வளவு குறைவாக அறிந்து வைத்திருப்பது எங்களுக்கு நல்லதல்ல. அதனால்தான் இந்தக் கட்டுரை.

களுத்துறையில் தொடங்கியது

இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926 இல் களுத்துறையில், ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு தொடங்கப்பட்டது. அதன் அடிப்படை எளிமையானது. எல்லை குறிக்கப்பட்ட ஒரு பிரதேசம், அதிலுள்ள மக்கள் தொகை, அந்த மக்களின் சுகாதாரத்துக்குப் பொறுப்பான ஒரு வைத்தியர். வைத்தியசாலை, தன்னிடம் வரும் நோயாளிக்குப் பொறுப்பு. சுகாதார வைத்திய அதிகாரியோ தன்னிடம் வராதவருக்கும் பொறுப்பு. இன்று நாடு முழுவதும் 350 இற்கு மேற்பட்ட சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள் உள்ளன. பெரும்பாலும் பிரதேச செயலகப் பிரிவின் எல்லையோடு இவை ஒத்துப்போகும். யாழ். மாநகர சபை போன்ற சில உள்ளூராட்சி மன்றங்களுக்குத் தனியான சுகாதாரப் பிரிவு உண்டு.

பணிமனையில் களத்துக்கு இறங்குபவர்கள் முக்கியமாக இரு வகையினர். ஒருவர் குடும்பநல உத்தியோகத்தர். ஊரில் மிட்வைஃப் என்றோ மருத்துவ மாது என்றோ சொல்வோம். ஒருவரின் பொறுப்பில் ஏறத்தாழ 3,000 முதல் 5,000 பேர் வரை இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மற்றவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், எல்லோருக்கும் தெரிந்த பெயரில் பி.எச்.ஐ. அவரது பகுதி ஏறத்தாழ 10,000 பேரைக் கொண்டது. இவர்களுக்கு மேல் மேற்பார்வை உத்தியோகத்தர்களும் பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரியும் இருப்பார்கள். மாவட்டத்தில் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரும் மாகாணத்தில் மாகாணப் பணிப்பாளரும் பொறுப்பு. 1987 இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி சுகாதாரம் மாகாணத்துக்குப் பகிரப்பட்ட விடயம். ஆனால் தேசியக் கொள்கை, தடுப்பூசிக் கொள்வனவு, தொற்றுநோயியல் பிரிவு ஆகியன கொழும்பிலேயே இருக்கின்றன.

பதிவேட்டில் இருக்கும் பிள்ளை

குடும்பநல உத்தியோகத்தரின் வேலை பதிவேட்டில் தொடங்குகிறது. தன் பிரிவில் கர்ப்பம் தரித்த பெண்களை எட்டு வாரங்களுக்கு முன்பே பதிய வேண்டும். பிள்ளை பிறந்து முதல் பத்து நாட்களுக்குள் குறைந்தது இரண்டு தடவை வீட்டுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்க வேண்டும். பிறந்தவுடன் பி.சி.ஜி., 2, 4, 6 ஆம் மாதங்களில் ஐங்கூட்டுத் தடுப்பூசி, 9 ஆம் மாதத்திலும் 3 வயதிலும் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கான ஊசி, 12 ஆம் மாதத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான ஊசி என்று ஒவ்வொன்றும் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் ஏறும். பாடசாலைக்குப் போன பின்னர் 1, 4, 7, 10 ஆம் தரங்களில் வைத்தியப் பரிசோதனை நடக்கும். தரம் 6 மாணவிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி 2017 இல் அறிமுகமானது. எல்லாமே இலவசம்.

இந்தச் சங்கிலி போர்க்காலத்திலும் முற்றாக அறுந்து போகவில்லை என்பதை நாங்கள் போதியளவு பேசியதில்லை. 1995 இல் தேசிய போலியோ தடுப்பு தினங்கள் தொடங்கியபோது, வடக்கு கிழக்கில் சொட்டு மருந்து கொடுப்பதற்காக இரு தரப்பும் சண்டையை நிறுத்திவைக்க இணங்கின. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 1993 இல். மலேரியாவும் அப்படித்தான். அதன் பாரம் பெருமளவு போர் நடந்த மாவட்டங்களின் தோள்களில் கிடந்தது. உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அந்தச் சான்றிதழுக்குப் பின்னால், பொருளாதாரத் தடைக்குள்ளும் இடம்பெயர்வுக்குள்ளும் குளிர்பெட்டியோடு அலைந்த எங்கள் ஊர் மருத்துவ மாதுக்களும் மருந்து தெளிக்கும் ஊழியர்களும் இருக்கிறார்கள்.

ஒரு படிவம் செய்யும் பயணம்

டெங்கு, எலிக்காய்ச்சல், நெருப்புக்காய்ச்சல், செங்கமாரி போன்றவை அறிவிக்கப்பட வேண்டிய நோய்கள். அவற்றில் ஒன்று என்று சந்தேகம் வந்தவுடனேயே, ஆய்வுகூட முடிவுக்குக் காத்திராமல், சிகிச்சையளிக்கும் வைத்தியர் எச் 544 என்ற படிவத்தை நிரப்பி, நோயாளி வசிக்கும் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். தனியார் வைத்தியர்களுக்கும் இந்தக் கடமை உண்டு. படிவம் வந்ததும் பரிசோதகர் நோயாளியின் வீட்டுக்குப் போய் விசாரித்து எச் 411 என்ற படிவத்தை நிரப்புவார். நோயாளி எங்கே வேலை செய்தார், எந்தக் கிணற்றில் குடித்தார், அயலில் வேறு யாருக்கும் காய்ச்சலா என்று கேட்பார். இவை வாராந்த அறிக்கையாகத் தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும்.

பி.எச்.ஐ. வீட்டுக்கு வந்தால் அயலவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பலர் கூச்சப்படுகிறார்கள். ஆனால், அவர் வருவது நோயாளியைத் தண்டிக்க அல்ல. ஒரே ஒழுங்கையில் மூன்று டெங்கு நோயாளிகள் என்றால் நுளம்பு அந்த ஒழுங்கையில்தான் பெருகுகிறது. அதைக் கண்டுபிடிக்க மூன்று வீட்டாரும் உண்மையைச் சொல்ல வேண்டும். வேறு முகவரி கொடுத்தால் புகை அடிப்பது வேறு ஊரில் நடக்கும். 2017 இல் இலங்கையில் 1,86,000 இற்கும் மேற்பட்ட டெங்கு நோயாளிகள் பதிவானார்கள். 2023 இறுதியிலும் 2024 ஆரம்பத்திலும் யாழ். மாவட்டம் மோசமாகப் பாதிக்கப்பட்டது. நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கும் 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வளவுக்குள் வந்து பார்க்கவும், அறிவித்தல் கொடுக்கவும், திருத்தாவிட்டால் வழக்குத் தொடுக்கவும் அதிகாரம் உண்டு. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கும் பூட்டிய வீடுகளும் பற்றை மண்டிய வெறும் காணிகளும் எங்கள் பகுதியில் அதிகம். உறவினரின் வளவைப் பார்த்துக்கொள்பவர்கள் மழைக்காலத்தில் கிணற்றுக்கட்டையும் தண்ணீர்த் தொட்டியையும் ஒருமுறை எட்டிப் பார்ப்பது பெரிய உதவி.

கிணறு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லின் இடுக்குகளில் தேங்கும் மழைநீரே எங்கள் குடிநீர். அந்த இடுக்குகள் வழியாக நீர் மட்டுமல்ல, மலசலகூடக் குழியின் கசிவும் தோட்டத்துப் பசளையின் நைத்திரேற்றும் வேகமாகப் பாயும். அதனால்தான் வீட்டுத் திட்ட வரைபடத்தில் குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரத்தைப் பரிசோதகர் கறாராகப் பார்க்கிறார். சிறு காணித் துண்டுகளில் மீள்குடியேறியவர்களுக்கு இது உண்மையான சிக்கல். தன் காணியில் தூரம் சரியாக இருந்தாலும் அயல் வீட்டுக் குழி வேலிக்கு அருகிலேயே இருக்கலாம். கட்டத் தொடங்கும் முன்பே பரிசோதகரைக் கூப்பிட்டுக் காட்டுவது, பிறகு இடித்துக் கட்டுவதைவிட மலிவு.

வெள்ளம் வந்து கிணறு மூழ்கினால், நீரை இறைத்துக் குளோரின் இட்ட பின்னரே குடிக்க வேண்டும். குளோரின் இடும் உதவியைப் பணிமனையில் கேட்கலாம். கொதிக்க வைப்பது கிருமியைக் கொல்லும். ஆனால் நைத்திரேற்றையோ எண்ணெயையோ அது அகற்றாது. சுன்னாகம் இதை எங்களுக்குக் கசப்பாகக் கற்றுத் தந்தது. அங்கு மின் உற்பத்தி நிலையத்தை அண்டிய பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில், 2019 இல் உயர் நீதிமன்றம் நொதேர்ன் பவர் நிறுவனத்தைப் பாதிக்கப்பட்ட கிணற்று உரிமையாளர்களுக்காக இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு உத்தரவிட்டது. கிணற்றில் எண்ணெய்ப் படலமோ மாறான மணமோ தெரிந்தால் முதலில் எழுத்தில் முறையிடுங்கள். திகதியிட்ட ஒரு கடிதம் பின்னர் நீதிமன்றத்தில் பேசும்.

இன்னொரு ஆபத்தும் கிணற்றோடு தொடர்புடையது. நகர்ப்புற மலேரியாவைப் பரப்பக்கூடிய அனோபிலிஸ் ஸ்டீபன்ஸி என்ற நுளம்பு, 2016 டிசம்பரில் இலங்கையில் முதன்முறையாக மன்னாரில் கண்டறியப்பட்டது. அது கிணறுகளில் முட்டையிடுகிறது. நாட்டில் இன்று மலேரியா இல்லை என்றாலும், நோயோடு வெளிநாட்டிலிருந்து வரும் ஒருவரைக் கடித்தால் மீண்டும் பரவல் தொடங்கலாம். கிணற்றுக்குள் குடம்பி தின்னும் மீன்களை விட அலுவலர்கள் வரும்போது, வேண்டாத வேலை என்று திருப்பி அனுப்பாதீர்கள். மலேரியா உள்ள நாடுகளுக்குப் போய் வந்தவருக்குக் காய்ச்சல் வந்தால், போன நாட்டின் பெயரை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கடையும் நீதிமன்றமும்

1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் பரிசோதகருக்கு உணவகத்துக்குள் நுழையவும் மாதிரி எடுக்கவும் உணவைக் கைப்பற்றவும் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்யவும் அதிகாரம் தருகிறது. தண்டம் விதிப்பதும் கடையை மூடுமாறு கட்டளையிடுவதும் நீதிமன்றமே. பத்திரிகைத் தலைப்புகளில் பரிசோதகர் கடையை மூடினார் என்று வந்தாலும், நடுவில் நீதவான் ஒருவர் இருக்கிறார் என்பதைக் கடைக்காரரும் நுகர்வோரும் அறிந்திருக்க வேண்டும். வீட்டில் இடியப்பம் அவித்தும் சிற்றுண்டி செய்தும் விற்கும் பெண்கள் பலர் பரிசோதகரைப் பார்த்தால் பயப்படுகிறார்கள். உண்மையில் வேலையைத் தொடங்கும் முன் அவரிடமே போய், சமையலிடம் எப்படி இருக்க வேண்டும், தண்ணீர் எங்கே சோதிப்பது, என்ன பதிவு தேவை என்று கேட்கலாம். ஆலோசனை சொல்வதும் அவரது கடமை.

புகையிலை, மதுசாரம் தொடர்பான 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும் பரிசோதகர் நடவடிக்கை எடுக்கலாம். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு சிகரெட்டோ மதுபானமோ விற்பது குற்றம். பாடசாலைக்கு அருகிலுள்ள கடையில் இது நடப்பது தெரிந்தால், பெற்றோர் பணிமனைக்குச் சொல்ல வேண்டும்.

நம்பிக்கை எங்கே உடைந்தது?

இதுவரை சொன்ன அனைத்தும் மக்கள் கதவைத் திறந்து உண்மை சொல்வதில் தங்கியிருக்கிறது. எங்கள் மக்கள் சிலர் ஏன் கதவைத் திறக்கத் தயங்குகிறார்கள் என்பதையும் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது.

2009 இல் வன்னியிலிருந்து வெளியேறிய 2,80,000 இற்கும் மேற்பட்டவர்கள் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டார்கள். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் செங்கமாரியும் வயிற்றோட்டமும் கொப்பளிப்பானும் பரவின. அங்கே சுகாதாரப் பதிவும் பாதுகாப்புப் பதிவும் ஒரே வேலிக்குள் நடந்தன. ஒரு படிவத்தில் பெயர் எழுதுவது யாருக்குப் போகிறது என்று தெரியாத பயம் அன்று பலருக்குள் ஊறியது. 2013 இல், கிளிநொச்சியின் கரையோரக் கிராமங்கள் சிலவற்றில் போதிய விளக்கமும் சுயமான சம்மதமும் இல்லாமல் பெண்களுக்குக் கருத்தடை உள்வைப்புகள் பொருத்தப்பட்டன என்ற குற்றச்சாட்டு எழுந்தது. சிகிச்சை நிலையத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் தாயின் மனதில் அது ஏற்படுத்திய சந்தேகம் சாதாரணமானதல்ல.

பின்னர் கொரோனா வந்தது. நாட்டின் கொரோனா தடுப்பு நடவடிக்கை மையத்துக்கு இராணுவத் தளபதியே தலைமை வகித்தார். தனிமைப்படுத்தல் நிலையங்களை இராணுவம் நடத்தியது. பிரித்தானியர் காலத்தில், 1897 இல் இயற்றப்பட்ட தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் தூசு தட்டப்பட்டது. 2020 ஏப்ரலில் அதன் கீழ் வந்த வர்த்தமானி, கொரோனாவால் இறந்தவர்களின் உடல்களைக் கட்டாயமாக எரிக்கச் சொன்னது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், 2021 பெப்ரவரி வரை முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் அந்த உரிமை மறுக்கப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை முஸ்லிம் சமூகத்திடம் மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அதே காலத்தில் முள்ளிவாய்க்கால், மாவீரர் நாள் நினைவேந்தல்களைத் தடுக்கவும் தனிமைப்படுத்தல் சட்டம் நீதிமன்றங்களில் காரணமாக முன்வைக்கப்பட்டது.

இந்த முடிவுகளைப் பிரதேசத்துப் பரிசோதகரோ மருத்துவ மாதோ எடுக்கவில்லை. அவர்களில் அநேகர் எங்களோடு இடம்பெயர்ந்தவர்கள், எங்களைப் போலவே உறவுகளை இழந்தவர்கள். ஆனால் மேலே எடுக்கப்பட்ட முடிவின் விலையைக் கீழே அவர்கள்தான் கொடுக்கிறார்கள். சுகாதாரச் சட்டம் அரசியலுக்குப் பயன்படும் ஒவ்வொரு தடவையும், அடுத்த கொள்ளைநோயின்போது ஒரு வீட்டின் கதவு மூடப்படுகிறது. சுகாதார உத்தியோகத்தர் பொலிஸோடும் படையினரோடும் சேர்ந்து வீட்டுக்கு வருவது தவிர்க்க முடியாத சந்தர்ப்பத்தில் மட்டும் நடக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

போருக்குப் பின் உடலும் மனமும்

பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் எங்கள் மாவட்டங்களில் பெருந்தொகை. தோட்டத்திலும் மீன்வாடியிலும் கூலிக்குப் போகும் பெண் தன் உடம்பைக் கடைசியாகத்தான் பார்ப்பாள். அவளுக்காகவே இருக்கும் ஒரு சேவை, 1996 இல் தொடங்கிய நல மகளிர் சிகிச்சை நிலையம். 35 வயதிலும் 45 வயதிலும் அங்கே போனால் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனை, மார்புப் பரிசோதனை, இரத்த அழுத்தம், நீரிழிவு எல்லாம் பார்ப்பார்கள். 35 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் பெண்களுக்கும் வைத்தியசாலைகளில் சுகவாழ்வு நிலையங்கள் உள்ளன. இவை பெரும்பாலும் வேலைநாளில், வேலைநேரத்தில் நடப்பதுதான் குறை. ஒருநாள் சம்பளத்தை இழந்து பரிசோதனைக்கு வர எல்லோராலும் முடியாது. மாலையிலோ சனிக்கிழமையிலோ நடத்தினால் என்ன என்று கேட்பது நியாயமான கோரிக்கை.

குடும்ப வன்முறையைக் குடும்பத்துக்கு வெளியே முதலில் அறிபவர் பல தடவைகளில் குடும்பநல உத்தியோகத்தர்தான். அவர் பாதிக்கப்பட்டவரை வைத்தியசாலையிலுள்ள நட்பு நிலையத்துக்கு அனுப்பலாம். மனநலச் சேவைக்கும் அவர் வழிகாட்ட முடியும். காணாமல் ஆக்கப்பட்டவரின் தாய் நித்திரையில்லாமல் தவிப்பதை வயதுக் கோளாறு என்று தள்ளிவிடாமல், மனநல வைத்தியரிடம் அனுப்பிவைக்கும் ஒருவர் ஊரில் இருப்பது பெரிய விடயம். ஆனாலும் அந்தத் தாயின் நித்திரையின்மைக்கு மாத்திரை மட்டும் மருந்தல்ல, பதிலும் வேண்டும் என்பதைச் சுகாதாரத் துறை மறக்கக்கூடாது.

யாரிடம் எதற்குப் போவது?

- கர்ப்பம், குழந்தையின் நிறை, தடுப்பூசி, திரிபோஷா, குடும்பத்திட்டம்: உங்கள் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தர். எந்தக் குடும்பத்திட்ட முறையையும் விளக்கம் கேட்டு ஏற்கவும் மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.
- உணவகம், குடிநீர், மலசலகூடம், நுளம்பு, காய்ச்சல் பரவல்: பொதுச் சுகாதாரப் பரிசோதகர்.
- குப்பை அகற்றல், ஊராட்சி வாய்க்கால், சந்தை, கொல்களம்: பிரதேச சபை, நகர சபை அல்லது மாநகர சபை. சுகாதாரக் கேடு உண்டானால் பணிமனைக்கும் பிரதி அனுப்புங்கள்.
- நாய்க்கடி: காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். விசர்நாய்க்கடிக்கான தடுப்பூசி அங்கே இலவசம். நோய்க்குறி தோன்றிய பின் காப்பாற்ற வழியில்லை.
- அவசர அம்புலன்ஸ்: 1990. வடக்குக்கு 2018 இல் வந்த இந்தச் சேவை இலவசமானது.
- மனநல உதவி: 1926. சிறுவர் பாதுகாப்பு: 1929. பெண்களுக்கான உதவி: 1938.

பணிமனையில் முறையிட்டும் பலனில்லை என்றால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் அதற்குப் பிறகு மாகாணப் பணிப்பாளருக்கும் எழுதலாம். தமிழில் எழுதுவதும் தமிழில் பதில் பெறுவதும் உங்கள் உரிமை.

கேட்க வேண்டிய கேள்விகள்

வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. கிழக்கில் அதற்கு ஒரு வருடம் முன்பே முடிந்தது. அதன் பிறகு தேர்தல் நடக்கவில்லை. ஆகவே மாகாணத்துக்குப் பகிரப்பட்ட சுகாதாரத் துறையைக் கேள்வி கேட்க, மக்கள் தெரிவுசெய்த மாகாண உறுப்பினர் ஒருவரும் இல்லாமல் ஆண்டுகள் கடந்தன. 2022 பொருளாதார நெருக்கடியில் திரிபோஷா உற்பத்தி தடைப்பட்டது, வைத்தியர்கள் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். அந்த நேரத்தில் எங்கள் பிள்ளைகளின் நிறை என்ன ஆனது என்று ஆளுநரின் நிர்வாகத்திடம் சபையில் எழுந்து கேட்க ஆளில்லை.

இருக்கும் வாசல்களையாவது பயன்படுத்துவோம். 2025 மே மாதத் தேர்தலுக்குப் பின் உள்ளூராட்சி மன்றங்களில் மீண்டும் தெரிவான உறுப்பினர்கள் இருக்கிறார்கள். குப்பைக்கும் வாய்க்காலுக்கும் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் விண்ணப்பிக்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவைத் தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். எங்கள் பிரிவில் எத்தனை குடும்பநல உத்தியோகத்தர் வெற்றிடங்கள் உள்ளன? ஒருவர் எத்தனை பிரிவுகளைப் பார்க்கிறார்? எந்தெந்தப் பொதுக் கிணறுகள் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டன, முடிவு என்ன? இந்த மூன்று கேள்விகளையும் ஒரு சனசமூக நிலையமோ மாதர் சங்கமோ ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம்.

அடுத்த மழைக்கு முன் ஒவ்வொரு பிரிவிலும் நடக்க வேண்டிய வேலை இது. பரிசோதகரும் மருத்துவ மாதும் தம் பகுதி மக்களைக் கூட்டி, நீங்கள் சொல்லும் தகவல் நோயைத் தடுக்க மட்டுமே பயன்படும், வேறு யாருக்கும் போகாது என்று நேரடியாகச் சொல்ல வேண்டும். அந்த வாக்குறுதியை மேலிடம் காப்பாற்ற வேண்டும். மக்கள் தங்கள் பங்குக்குக் காய்ச்சலை மறைக்காமல், சரியான முகவரியைச் சொல்ல வேண்டும். வடமராட்சியில் உயிர்களைப் பறித்த எலிக்காய்ச்சல் அடுத்த காலபோகத்திலும் அதே சேற்றில் காத்திருக்கும்.